பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும் கெப்: கோளாறு எந்தச் சில்லில்?

வாகனப் பராமரிப்பு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மீன் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறேன். என்னிடம் இருப்பது பழைய சிங்கிள் கெப். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம், ஏ.பி.எஸ். இல்லை. சில வாரங்களாக பிரேக் பிடிக்கும்போது வாகனம் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போது நேராகத்தான் போகிறது. ஓடி வந்து நிறுத்தினால் இடது முன் சில்லின் ரிம்மில் கைவைக்க முடியாத சூடு. வலது ரிம் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் கோளாறு இடப்பக்கம்தான் என்று கராஜில் சொல்லி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் புதிய பிரேக் பேட் போட்டார்கள். வீல் எலைன்மென்டும் பார்த்தாயிற்று. இழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடிவிட்டது போலவும் இருக்கிறது. இப்போது இடது கலிப்பரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?
– வாசகர், நிலாவெளி

பதில்: இப்போதைக்கு இடது கலிப்பரை (சில்லோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்டுகளால் அழுத்திப் பிடிக்கும் பாகத்தை) வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது வலது முன் சில்லைத்தான்.

பிரேக் பிடிக்கும்போது வாகனம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கத்துச் சில்லு மற்றதைவிடப் பலமாகப் பிடிக்கிறது என்பது மட்டுமே அந்த இழுப்பிலிருந்து உறுதியாகத் தெரிகிற செய்தி. தோணியில் போகும்போது இடப்பக்கத்துத் துடுப்பை மட்டும் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தால் தோணி இடப்பக்கம் திரும்புவதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் நடப்பது அதுதான். ஆனால் இடது சில்லு அளவுக்கு மீறிப் பிடிப்பதாலும் இப்படி நடக்கலாம், இடது சில்லு சரியாகவே பிடிக்க, வலது சில்லு பிடிக்காமல் சோர்ந்திருப்பதாலும் நடக்கலாம். சாரதிக்கு இரண்டும் ஒரே மாதிரியான இழுப்பாகவே தெரியும். முன் சில்லுகளில் டிஸ்க் உள்ள வாகனங்களில் இரண்டாவது காரணமே அதிகம் காணப்படுகிறது. அதாவது, இழுக்கும் பக்கம் நல்ல பக்கமாகவும், எதிர்ப் பக்கம் பழுதான பக்கமாகவும் இருக்கும்.

ரிம்மின் சூடு உங்கள் கராஜ்காரரைத் திசை திருப்பியிருக்கிறது. ஒரு சில்லு சூடாவதற்கு இரண்டு வழிகள் உண்டு: பிரேக்கை விட்ட பின்பும் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருப்பது ஒன்று, மறு சில்லு வேலை செய்யாததால் இரண்டு சில்லின் வேலையையும் ஒன்றே சுமப்பது மற்றது. இவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல. அதிகாலையில் வாகனம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ஆளரவம் இல்லாத நேரான வீதியில் ஐந்தாறு கிலோமீற்றர் தூரம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடி, கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து, தானாகவே உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி, இரு முன் சில்லுகளுக்கும் அருகில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். இடது சில்லு மட்டும் அனல் வீசினால் அது உரசுகிறது. கோளாறு இடப்பக்கம் என்பது அப்போது நியாயமான முடிவு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால், பிரேக்கை வழமைபோலப் பாவித்து அதே தூரத்தைத் திரும்ப ஓடி வந்து மீண்டும் பாருங்கள். இம்முறை இடது சூடாகவும் வலது குளிராகவும் இருந்தால், வலது சில்லு பிரேக்கில் பங்கெடுக்கவில்லை என்பது தெளிவு. தூரத்திலிருந்து வெப்பம் பார்க்கும் கருவி யாரிடமாவது இருந்தால் டிஸ்க்கின் மேலேயே பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. காய்ச்சல் பார்க்க நெற்றியில் பிடிக்கும் கருவி இதற்கு உதவாது; அது உடம்புச் சூட்டின் அளவைத் தாண்டிக் காட்டாது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், டிஸ்க் வளைந்துவிடக்கூடும்.

இந்த ஓட்டத்தின்போதே இன்னொன்றையும் கவனிக்கலாம். நமது வீதிகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சற்றே சரித்து அமைக்கப்பட்டவை. இடப்பக்கமாக ஓடும் நம் வாகனங்கள் எல்லாமே கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் பார்க்கும். ஆகவே இழுப்பின் அளவைச் சரிவில்லாத சமதரையில் பார்த்தே மதிப்பிட வேண்டும். மணிக்கு 30 அல்லது 40 கிலோமீற்றர் வேகம் போதும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், ஆனால் கையை விடாமலும் வைத்துக்கொண்டு, ஒரே அழுத்தமாக மிதிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்காதபோது வாகனம் நேராகப் போகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், எலைன்மென்டுக்குக் கொடுத்த பணம் இந்தக் கோளாறுக்குத் தேவைப்பட்டதல்ல. ஆனால் டயரைப் பார்க்காமல் விடக்கூடாது. இரு முன் டயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையனவா, காற்று சமமாக உள்ளதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் முன் சில்லுகள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயராயின் இந்தச் சோதனை பொருந்தாது.

இனி வலது சில்லைக் கழற்றுவோம். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜக்கினால் தூக்கிய பின் சட்டகத்தின் கீழ் உறுதியான தாங்கி வைக்காமல் எவரும் உள்ளே கை விடக்கூடாது. ஜக் சரிந்து வாகனத்தின் கீழ் நசுங்கியவர்களைப் பற்றிய செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வீதியோர மணலிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சில்லைக் கழற்றியதும் டிஸ்க்கின் இரு முகங்களையும் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்யும் பிரேக்கில் இரண்டு முகங்களும் கண்ணாடி போல் மினுங்கும். வெளிமுகம் துருவேறி மங்கியும் உள்முகம் மட்டும் மினுங்கியும் இருந்தால், கலிப்பர் தன் ‘பின்’கள் (pin) எனப்படும் சிறு இரும்புத் தண்டுகளின் மேல் வழுக்கி நகர முடியாமல் இறுகிவிட்டது என்று கொள்ளலாம். இவ்வகைக் கலிப்பரில் பிஸ்டன் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அது உள் பேட்டைத் தள்ள, அந்தத் தள்ளலின் எதிர்விசையால் கலிப்பர் முழுவதும் உட்பக்கம் நகர்ந்து வெளி பேட்டை இழுத்து அழுத்த வேண்டும். அந்தப் ‘பின்’ துருப்பிடித்துவிட்டால் வெளி பேட் சும்மா இருக்கும், உள் பேட் மட்டும் தேய்ந்து மெலியும். அதனால் இரு பேட்டுகளையும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துத் தடிப்பை ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இரு முகங்களும் மங்கி, இரு பேட்டுகளும் தேயாமல் கிடந்தால், பிஸ்டனே இறுகியிருக்க வேண்டும், அல்லது அந்தச் சில்லுக்கு அழுத்தம் வந்து சேரவில்லை. அழுத்தம் வராததற்கு, பிரேக் ஒயில் வரும் ரப்பர் ஹோஸ் அடைபட்டிருப்பதோ அதற்குள் எயார் நிற்பதோ காரணமாகலாம். முதலில் அந்தச் சில்லின் நிப்பிளை (ஒயிலையும் எயாரையும் வெளியே விடும் சிறு திருகை) திறந்து எயார் எடுத்துப் பாருங்கள். சில கெப் வாகனங்களில் கலிப்பர் நகராத வகையைச் சேர்ந்தது; டிஸ்க்கின் இருபுறமும் பிஸ்டன்கள் இருக்கும். உங்களுடையது அவ்வகையாயின் வழுக்கும் பின்களைத் தேட வேண்டியதில்லை. எந்தப் பிஸ்டன் அசையவில்லை என்பதையே தேட வேண்டும்.

மீன் ஏற்றும் வாகனத்தில் இந்தத் துரு ஏன் முந்தி வருகிறது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கடற்கரை வரைக்கும் இறங்கி வள்ளத்தடியில் மீன் ஏற்றுகிறீர்கள். ஈர மணலும் உப்பு நீரும் சில்லுகளுக்குள் தெறிக்கின்றன. நிலாவெளிக் காற்றிலேயே உப்பு உண்டு. பின்னின் மேலிருக்கும் சிறு ரப்பர் உறை வெடித்துவிட்டால், அந்த உப்பு உள்ளே போய்ப் பின்னை அதன் துளையோடு ஒட்டவைத்துவிடும். பின்னால் நிலைமை இன்னும் மோசம். பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அது தட்டின் இடுக்குகள் வழியே இறங்கிப் பின் அச்சின் மேல் போகும் இரும்பு பிரேக் குழாயிலும் கைப்பிரேக் கேபிளிலும் லீப் ஸ்பிரிங்கிலும் சொட்டுகிறது. ஒவ்வொரு நாள் தொழில் முடிந்ததும் நல்ல தண்ணீரால் தட்டை மட்டும் கழுவி விடாமல், வாகனத்தின் அடிப்பகுதியையும் சில்லுகளின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். பின் அச்சுக் குழாயை வருடத்துக்கு ஒரு தடவையாவது கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பூச்சுக்குக் கீழே குழி விழுந்திருந்தால் அந்தக் குழாயை உடனே மாற்ற வேண்டும். அது வெடிப்பது பெரும்பாலும் பலமாக மிதிக்கும் தருணத்தில்தான்.

கலிப்பரின் ‘பின்’தான் இறுகியிருக்கிறது என்று கண்டால், செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது. பின்களைக் கழற்றி, துருவை நீக்கி, குழி விழுந்திருந்தால் பின்னை மாற்றி, புதிய ரப்பர் உறைகள் அடங்கிய கிட் போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸைப் பூசிப் பூட்டினால் போதும். சாதாரண கிறீஸ் பூசினால் அதிலுள்ள எண்ணெய் ரப்பரை ஊதவைத்து, சில மாதங்களில் ‘பின்’ முன்பைவிட மோசமாக இறுகும். பிஸ்டன் இறுகியிருந்தால் அதைக் கழற்றி வழவழப்பான மேற்பரப்பைப் பாருங்கள். பொருக்கு விழுந்த பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீண்டும் போடுவது வேலையல்ல, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிப்பிளைத் திறந்து பழைய ஒயிலை வெளியே விடுவது நல்லது. இல்லாவிட்டால் அழுக்கு ஒயில் மேலே, பிரேக் மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பிப் போகும்.

அடுத்ததாக, வலப்பக்கத்துக்கும் புதிய பேட் போட்டேயாக வேண்டும். இப்போது இடப்பக்கம் புதிது, வலப்பக்கம் பழையது. இரண்டின் உராய்வும் ஒன்றல்ல. இழுப்பு கூடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிஸ்க்குக்குப் போடும் பேட் என்றாலும் டிரம்முக்குப் போடும் லைனர் என்றாலும் ஒரு அச்சின் இரு சில்லுகளுக்கும் ஒரே வகையை ஒரே நேரத்தில் போடுவதுதான் முறை. இடப்பக்கத்தில் போட்டது எந்த வகை என்று பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நான்கு பேட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். டிஸ்க்கின் ஆகக்குறைந்த தடிப்பு பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கில் புதிய பேட் போடுவதில் பயனில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுப்பு நின்றுபோகாவிட்டால் மட்டும் முன் சஸ்பென்ஷனுக்குப் போங்கள். சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் (lower arm) ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், பிரேக் பிடித்ததும் அந்தச் சில்லு பின்னோக்கி நகர்ந்து தானாகவே திரும்பும். அதற்கு அடையாளம், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமும், மீண்டும் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது மறு பக்கமும் வாகனம் சட்டென்று விலகுவது. சில வேளை ‘டக்’ என்ற சத்தமும் கேட்கும். உங்கள் கடிதத்தில் அப்படியொன்றும் இல்லை.

சரிசெய்யும் வரைக்கும் சுமையோடு கந்தளாய், ஹபரணைப் பக்கம் போக வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இருட்டியபின் அந்த வீதியில் யானை குறுக்கே வரும். ஐஸும் மீனும் ஏற்றிய வாகனத்தில் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்க நேரும்போது, மெதுவான ஓட்டத்தில் சிறிதாகத் தெரியும் இந்த இழுப்பு ஸ்டியரிங்கையே கையிலிருந்து பறித்துவிடும்.

கேள்வி: எனது டபிள் கெப்பில் பிரேக் பிடிக்கும்போது இழுப்பதைவிட, பிரேக்கை விட்ட பின்புதான் அதிகமாக வலப்பக்கம் இழுக்கிறது. காலையில் ஒன்றும் தெரியாது. நகர நெரிசலுக்குள் வந்து அடிக்கடி மிதித்த பிறகே தொடங்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகிவிடும். கலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பலனில்லை.
– வாசகர், கிண்ணியா

பதில்: வலது முன் சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உட்பக்கமாகப் பழுதாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த ஹோஸின் உட்சுவர் வயதானால் பிரிந்து உள்ளே தொங்கும். காலின் பலத்தால் போகும் ஒயில் அதைத் தள்ளிக்கொண்டு கலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வரும் ஒயிலைத் தள்ளுவதற்கு அவ்வளவு பலம் இல்லாததால் அது அங்கேயே சிறைப்படும். பேட் விலகாமல் உரசும், சில்லு சூடாகும், வாகனம் வலப்பக்கம் இழுக்கும். நிறுத்தி வைத்தால் ஒயில் மெல்லக் கசிந்து திரும்பிவிடுவதால் எல்லாம் சரியானது போலத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிது போலவே இருக்கலாம். அதனால்தான் இது பலருடைய கண்ணுக்குத் தப்புகிறது.

உறுதி செய்யும் வழி எளிது. இழுப்புத் தொடங்கியதும் வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முன்பகுதியைத் தூக்கித் தாங்கியில் வைத்து, வலது சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கலிப்பரின் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள்; சூடான ஒயில் பீறிடக்கூடும் என்பதால் முகத்தை விலக்கி, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். ஒயில் வந்தவுடன் சில்லு இலகுவாகச் சுழன்றால் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ஒயில் போயும் சில்லு இறுகியே இருந்தால், ஹோஸில் பிழையில்லை. கலிப்பரின் பிஸ்டனோ பின்னோதான் இறுகியிருக்கிறது. அழுத்தம் சிறைப்பட்டது உறுதியானால், அடுத்த முறை இறுகும்போது நிப்பிளைத் தொடாமல், ஹோஸின் மேல் முனையில் இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியும் சில்லு விடுபடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. மேல் முனையில் தளர்த்தியதுமே விடுபட்டால் தடை அதற்கும் மேலே இருக்கிறது. அப்படியாயின் பெரும்பாலும் இரு முன் சில்லுகளும் சேர்ந்தே இறுகியிருக்கும், மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டி வரும்.

ஹோஸை மாற்றும்போது இடப்பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை. கலிப்பரைக் கழற்றும் வேளைகளில் அதை ஹோஸிலேயே தொங்க விடுவது பல கராஜ்களில் காணும் பழக்கம். ஹோஸ் உள்ளே பிரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நெல் ஏற்றினால் நேராக நிற்கும் என் கெப், வெறுமையாக வரும்போது பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒரு பக்கமாக வீசுகிறது. இதற்கும் முன் பிரேக்தான் காரணமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: இல்லை. முன்பகுதி இழுப்பதும் பின்பகுதி வீசுவதும் வெவ்வேறு கோளாறுகள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், வெறும் கெப்பின் பின் சில்லுகள் நிலத்தை மெல்லத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அப்போது பின் பிரேக் சற்றே பலமாகப் பிடித்தாலும் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். இதைத் தடுக்க, சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல கெப் வாகனங்களின் பின் அச்சுக்கு அருகில் உண்டு. அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும் அந்த வால்வு, வயல் சேற்றிலும் துருவிலும் இறுகி அசையாமல் போவது வழமை. முதலில் அதைப் பாருங்கள்.

எப்போதும் ஒரே பக்கமாக வீசினால் இரண்டு டிரம்களையும் கழற்ற வேண்டும். அச்சின் சீல் கசிந்து லைனரில் ஒயில் ஊறியிருந்தால் பெற்றோலால் கழுவித் திரும்பப் போடுவது பயன் தராது. சீலைச் சரிசெய்து, இரு பக்க லைனர்களையும் மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கைப்பிரேக் கேபிள் ஒரு பக்கம் இறுகியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். கடைசியாக, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரையுள்ள தூரத்தை, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். தெளிவான வித்தியாசம் இருந்தால், லீப் ஸ்பிரிங்கின் நடு ஆணி முறிந்து அச்சு விலகியிருக்கக்கூடும். நெல் மூட்டைகளை அளவுக்கு மீறி ஏற்றும் வாகனங்களில் இது அபூர்வமல்ல.

கேள்வி: மாரி மழைக் காலத்தில் மட்டும், காலையில் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்துவிட்டுப் பிறகு சரியாகிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், பாலையூற்று

பதில்: இரண்டு மூன்று மிதிகளில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. இரவின் ஈரத்தில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும். அது இரு பக்கமும் ஒரே அளவாகப் படிவதில்லை. வெள்ளம் நின்ற வீதியைக் கடந்த பின்பும் இப்படி நடக்கும். பின்னால் வாகனம் வராத இடத்தில் மெதுவாக ஓடியபடி பிரேக்கை இலேசாக மிதித்துப் பிடித்தால் காய்ந்துவிடும். பத்து நிமிட ஓட்டத்தின் பின்பும் இழுத்தால், நிலாவெளி வாசகருக்குச் சொன்ன வெப்பச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். பிரேக் ஒயிலை மாற்றி இரண்டு வருடங்கள் கடந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 (DOT 3) எனும் பிரேக் ஒயில் வகைக்குக் குறிக்கப்பட்ட ஆகக்குறைந்த கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 140 பாகை. டொட் 4 வகையில் அவை 230, 155. உங்கள் வாகனத்துக்கு எது உரியது என்பது, மாஸ்டர் சிலிண்டரோடு உள்ள ஒயில் போத்தலின் மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.